விருந்தாளியும் வீட்டு நாயும்

"ஒன்றும் செய்யாது, வாருங்கள்!"

நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் வழங்கி வரும் வரவேற்புரை இது ஒன்றுதான். விருந்தாளி ஒரு காலை வாசற்படியில் வைத்திருப்பார். மற்றொரு கால் முன்ஜாக்கிரதையாகத் தெருவிலேயே நிற்கும். அவருடைய வேஷ்டியின் நுனியை ஒரு பிராணி மிகவும் சிரத்தையுடன் முகர்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திராமலே மேற்படி வாக்கியத்தை அருளுவார். விருந்தாளியும் சிரித்துக்கொண்டு, "அதனாலென்ன, பரவாயில்லை! எனக்கும் நாய் என்றால் பிரியந்தான்" என்பார். இருவர் சொன்னதும் பொய். நாய் ஏதாவது செய்யக்கூடும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். விருந்தாளிக்கோ நாயிடத்தில் எள்ளளவும் பிரியம் இல்லை. இந்த இரண்டு பொய்களின் பேரில்தான் நம்முடைய விருந்துபசாரம் நடந்து வருகிறது.

உண்மை வெளிப்படுவது திரும்பிப் போகும் பஸ்ஸிலே. "அந்தப் பாயில் எவ்வளவு ரோமம், பார்த்தீர்களா? தட்டைக்கூட அது மோந்துவிட்டுத்தான் போயிற்று" என்று அம்மாள் ஆரம்பிப்பாள். அதே நேரத்தில் இந்த வீட்டில் இன்னொரு அம்மாள், "காப்பியைத் தொடவே இல்லை, பார்த்தீர்களா? என்னவோ நாம் சாக்கடையில் குடித்தனம் செய்கிறது போல!" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அடுத்த விசேஷத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். இவர்கள் அழைக்கவும் மாட்டார்கள். காரணம் கேட்டால் இரு தரப்பாரும் வேறு ஏதாவது சொல்லுவார்கள்.

இது அற்ப விஷயம் என்று நேயர்கள் நினைக்கலாம். அற்பமான பகுதிகள் இதில் நிறைய இருக்கின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அற்பமல்லாத பகுதி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் இரு தரப்பாரும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் கரிவலம்வந்தநல்லூர், யானை வலம் வந்ததனால் பெயர் பெற்ற ஊர். பால்வண்ணநாதரை வலம் வந்த அந்த யானையால் கோயில் அசுத்தப்பட்டதென்று யாரும் முறையிட்டதாகக் கேள்வியில்லை. நாய்க்கு அப்படிப்பட்ட பாக்கியம் கிட்டவில்லை. இத்தனைக்கும் எங்கள் பக்கம் நாய்களுக்குப் பேர்போன சீமை. ஊரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் இராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் அந்த ஊர் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா தபால் தலை வெளியிட்டுக் கௌரவம் செய்தது. அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் சிப்பிப்பாறையும் இருக்கிறது. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்ட வேட்டை நாய்க்குப் பெயர் தந்த கிராமம் அது. கன்னி நாய் என்று மற்றொரு ஜாதி உண்டு. கல்யாணமாகிப் புக்ககம் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சம்பந்தி வீட்டுக்கு நாயே சீராகப் போன பிரதேசத்தில், நாயினால் சம்பந்தம் கெடுவது வேடிக்கையல்லவா?

பழைய வீடுகளில் இந்தச் சச்சரவுக்கு இடமே இருக்கவில்லை. நம் முன்னோர்கள் வாதாடித் தீர்த்துவிட்டார்கள் என்பதல்ல. கொத்தனார் தீர்த்து வைத்தார். தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டினால் தார்சா, அப்புறம் பட்டாசால், அதற்கும் உள்ளே அடுக்களை, கடைசியில் புறவாசலும் மாட்டுத் தொழுவும். நாயின் ராஜ்யம் திண்ணையடியோடு முடிந்தது. பசுவின் ராஜ்யம் தொழுவில். பூனைக்கு மட்டும் எங்கும் போக அநுமதி உண்டு. நெற்குதிர் எங்கே இருக்கிறதோ அங்கே எலி உண்டு, எலி எங்கே உண்டோ அங்கே பூனைக்கு உத்தியோகம் உண்டு. விருந்தாளி பட்டாசாலில் பாயில் அமர்ந்தார். அவருக்கும் நாய்க்கும் நடுவே இரண்டு வாசற்படிகள் இருந்தன.

இப்போது கட்டுகிற வீட்டில் திண்ணை ஏது? ஹால் ஒன்று இருக்கிறது. டெலிவிஷனும் அங்கேதான், சோபாவும் அங்கேதான், விருந்தாளியும் அங்கேதான், நாயும் அங்கேதான். கரிசல் காட்டில் முயல் துரத்திய வம்சத்தில் வந்த நாய் மின்சார விசிறியின் கீழ்ப் படுத்து உறங்குகிறது. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீட்டில், மாலை வேளையில் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வருவதற்கு அது ஒன்றுதானே இருக்கிறது? வயோதிக தம்பதிகள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டால் பேரனைக் கூப்பிடுவது போலவே இருக்கும். அந்தப் பேரனைப் பார்த்து விருந்தாளி மூக்கைச் சுளித்தால் அவர்களுக்கு நெஞ்சில் தைக்காமல் என்ன செய்யும்?

பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் இந்த வழக்கு வேறு உருவம் எடுத்தது. 2015-ஆம் ஆண்டில் இந்தியப் பிராணிகள் நல வாரியம், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போடக் கூடாதென்றும், லிப்டில் ஏற விடாமல் மறிக்கக் கூடாதென்றும் அறிக்கை விடுத்தது. சங்கத்துக்காவது அறிக்கை உண்டு. சம்பந்திக்கு யார் அறிக்கை விடுவது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நானும் அங்கே அழைக்கப்பட்டிருந்தேன் என்பது போதும். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பிள்ளையின் தாயார், தகப்பனார், பாட்டி, அக்காள், அக்காளின் ஆறு வயதுப் பையன் என்று ஒரு வேன் நிறைய ஜனங்கள். அந்த வீட்டு நாய் சாது. சாதுவானதனாலேயே யாரும் அதைக் கட்டவில்லை. காப்பி வந்தது. டம்ளர்களை முக்காலியில் வைத்துவிட்டுப் பெண் உள்ளே திரும்பினாள். நாய் நிதானமாக எழுந்து வந்து, பிள்ளையின் தாயாருக்கென்று வைத்திருந்த டம்ளரின் விளிம்பை ஒரு முறை நக்கியது.

சபையில் நிசப்தம் நிலவியது. "டேய்! போடா அங்கிட்டு!" என்று வீட்டுக்காரர் அதட்டினார். வீட்டுக்கார அம்மாள் பதறிக்கொண்டு, "மதினி, வேறு டம்ளர் கொண்டு வாரேன்" என்று எழுந்தாள். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார் பிள்ளையின் தாயார். அத்துடன் விட்டிருந்தால் நல்லது. அந்த வீட்டுப் பையன், காலேஜில் படிக்கிறவன், "அத்தை, நாயோட வாய் மனுஷன் வாயைவிடச் சுத்தம்" என்று ஒரு விஞ்ஞான உண்மையை எடுத்து விட்டான். "அப்படியானால் நீங்க அதுலேயே குடிங்க தம்பி" என்று பதில் வந்தது. பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்தார். வீட்டுக்காரர், உங்கள் வாசலில் தினமும் சாணம் தெளிக்கிறீர்களே, அது மட்டும் சந்தனமா என்ற அர்த்தத்தில் ஏதோ முணுமுணுத்தார். நாள் குறிக்க வந்த இடத்தில் டம்ளர் மகாநாடு நடந்தது.

இவ்வளவு அமளியில் ஒருவரும் பெஞ்சுக்குக் கீழே பார்க்கவில்லை. அதட்டு வாங்கிய நாய் அங்கேதான் போயிருந்தது. ஆறு வயதுப் பையனும் அங்கேதான் இருந்தான். வரும் வழியில் வேனிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. நாய் அந்தச் சிராய்ப்பைப் பரிவோடு நக்கிக்கொண்டிருந்தது. பையன் கூச்சத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பார்த்தது பாட்டி. பாட்டி எழுத்து வாசனை இல்லாதவர். "ஐயா, நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

டம்ளரைப் பற்றிய பேச்சைக்கூடப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி பொறுக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "எங்க வீட்டு நாயை வெறிநாய்ங்கிறீங்களா, ஆத்தா?" என்றார். பதில் சொன்னது கல்யாணப் பெண்தான். உள்ளே போய்ப் பீரோவிலிருந்து சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பாட்டியின் கையில் கொடுத்தாள். ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசிக்கு உரிய தேதி, கால்நடை டாக்டரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. கெடு தாண்டவில்லை. பிறகு பையனைப் புறவாசல் குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் முழங்காலைக் கழுவினாள். பாட்டி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் விடவில்லை. டாக்டரும் ஊசியை ஆரம்பித்துவிட்டார். புத்தகத்தைக் காட்டியும் நம்பவில்லையே என்று வீட்டுக்காரருக்கு இன்றுவரை வருத்தந்தான். கல்யாணம் நடந்துவிட்டது. பிள்ளையின் தாயார் மட்டும் அந்த வீட்டில் காப்பி சாப்பிடுவதில்லை.

இதில் யார் பேசியது சரி? டம்ளர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நாயின் வாய் மனிதன் வாயைவிடச் சுத்தம் என்பது வெறும் கதை. மனிதன் வாயில் ஒரு கூட்டம் கிருமிகள். நாயின் வாயில் வேறொரு கூட்டம். நாய், பூனைகளின் வாயில் வசிக்கும் ஒரு கிருமிக்குப் பாஸ்டர் என்ற பிரெஞ்சு மேதையின் ஞாபகமாகப் பாஸ்டுரெல்லா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடித்த இடம் ஒரே நாளில் வீங்கிச் சீழ் பிடிப்பதற்கு அது அடிக்கடி காரணமாகிறது. மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் நாயின் எச்சிலிலுள்ள வேறொரு கிருமி, அபூர்வமாக, உயிருக்கே உலை வைப்பதுண்டு. ஆகவே காலேஜ் பையன் சொன்னது தவறு. ஆனால் சுகதேகியான ஒருவர் அந்த டம்ளரைக் கழுவிக் குடித்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. அருவருப்பு என்பது வேறு, அபாயம் என்பது வேறு. அருவருப்புக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்; வேறு டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது.

முழங்கால் விஷயம் அப்படித் தீர்வதல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் பிராணிகளால் ஏற்படும் ஸ்பரிசத்தை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. நாயைத் தொடுவது, அதற்குச் சோறு போடுவது, காயமில்லாத தோலில் அது நக்குவது ஆகியவை முதல் வகுப்பு. இதற்குக் கழுவிக்கொள்வதே போதும், ஊசி தேவையில்லை. திறந்த தோலில் லேசாகக் கவ்வுவதும், இரத்தம் வராத சிறு கீறலும் இரண்டாம் வகுப்பு. தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் வரக் கடிப்பது, பிறாண்டுவது மட்டுமல்ல, உரிந்த தோலில் நக்குவதும், எச்சில் கண்ணிலோ வாய்க்குள்ளோ படுவதுங்கூட மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. தடுப்பூசியோடு காயத்தில் போடும் விசேஷ மருந்தும் வேண்டும். ஒரே நாய், ஒரே நாக்கு; டம்ளரில் பட்டால் மனஸ்தாபம், முழங்காலில் பட்டால் மூன்றாம் வகுப்பு! ஆனால் நம் வீடுகளில் நடக்கிற சண்டை எல்லாம் டம்ளரைப் பற்றியதாகவே இருக்கிறது.

வெறிநாய்க்கடி நோயைப் பழைய வைத்திய நூல்காரர்கள் ஜலபயம் என்றார்கள். தாகம் தொண்டையைப் பிளக்கும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் குறி தோன்றிய பிறகு வைத்தியம் இல்லை. பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் மடிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் தேசத்தில். மனிதருக்கு வருவதில் நூற்றுக்கு 99 நாயின் மூலமாக வருகிறது. சந்தேகத்துக்குரிய பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கடித்ததற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். சில சமயம் ஒரு வாரத்திலும் வரும், ஒரு வருஷம் கழித்தும் வரும். விருந்துக்குப் போய் வந்ததே மறந்துபோன பிறகு வருகிற விருந்தாளி அது.

இதற்கு மருந்து கண்ட கதை அநேகருக்குத் தெரிந்திருக்கலாம். 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குப் பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்தினார், பையன் பிழைத்தான். நம் நாட்டில் 1900-இல் கசௌலியில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. அக்காலத்தில் தென்னாட்டில் ஒருவரை வெறிநாய் கடித்தால், இன்று ஹிமாசலப் பிரதேசத்தில் இருக்கும் அந்த மலைக்கு நாட்கணக்கில் ரயிலில் போக வேண்டும். 1907-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் ஸ்தாபனம் திறக்கப்பட்ட பின்புதான் அந்தக் கஷ்டம் நீங்கியது. கசௌலியில் ஸெம்பிள் என்ற டாக்டர் 1911-இல் ஆட்டு மூளையிலிருந்து ஒரு மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பாட்டனார்கள் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அந்த ஊசிதான். 2004-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் அதைத் தயாரிப்பது நின்றுவிட்டது. இப்போது கைப்புஜத்தில், தோலுக்குள், முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசு கேட்பதில்லை. வயிற்று ஊசி ஒழிந்துவிட்டது. வயிற்று ஊசிப் பயம் மட்டும் ஒழியவில்லை.

மேலும் சில தப்பபிப்பிராயங்கள் நம்மிடையே உலாவுகின்றன. கடித்த இடத்தில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் ஆகியவற்றை வைத்துக் கட்டுகிறார்கள். இதைப் போல் கெடுதல் வேறில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கழுவுவதே பாதி வைத்தியம். குட்டி நாய்க்கு வெறி ஏது என்கிறார்கள். குட்டிக்கும் வரும். முதல் தடுப்பூசியே மூன்று மாத வயதில்தான் போடுகிறார்கள் என்பதால், எல்லாரும் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற அந்தப் பருவத்தில்தான் அதற்குப் பாதுகாப்பு இல்லை. நாயைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. பத்து நாள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டே ஊசியை ஆரம்பிக்க வேண்டும். நாய் சுகமாயிருந்தால் அப்புறம் டாக்டர் சொல்லும்போது நிறுத்திக்கொள்ளலாம். பாட்டி பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதில் வீட்டுக்காரருக்கு யாதொரு அவமானமும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

வீட்டுக்காரரின் சாணக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நம்முடைய பழைய ஆசாரம் பிராணிகளைத் தரம் பிரித்தது கிருமிகளைக் கண்டு அல்ல. பசு வரலாம், பூனை வரலாம், நாய் கூடாது என்றது. ஷாபி முறையைப் பின்பற்றும் முஸ்லிம் நண்பர்களுக்கும் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் சேர்த்து, கழுவ வேண்டும் என்பது விதி. பூனைக்கு அந்த விதி இல்லை. இரண்டு மதத்தாரும் பூனைக்கு இவ்வளவு சலுகை காட்டியிருப்பதைப் பார்த்தால் அதனுடைய சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. சாணத்தில் தநுர்வாயுக் கிருமியின் வித்துக்கள் இருக்கலாம், புண்ணில் படக்கூடாது. ஆனால் ஆசாரம் சொன்ன சில காரியங்களை விஞ்ஞானமும் ஆமோதிக்கிறது: வெளியிலிருந்து வந்ததும் கால் கழுவுவது, உண்ணுமுன் கை கழுவுவது, பாலைக் காய்ச்சாமல் குடிக்காமலிருப்பது. நம் வீட்டுப் பால் காய்கிறபடியால் மாட்டின் மூலம் வரும் சில வியாதிகள் அடுப்பிலேயே மாண்டுபோகின்றன. மதத்தின் காரணமாக நாயை நெருங்காத விருந்தாளி வந்தால் அவரிடம் கிருமி சாஸ்திரம் பேசுவது அநாகரிகம். அந்த ஒரு மணி நேரம் நாயைப் பின்கட்டில் கட்டிவைப்பது நாகரிகம்.

பூனைக்குச் சலுகை கொடுத்த வீடுகளில் வேறொரு தகராறு. தும்மல்! விருந்தாளி வந்து ஐந்து நிமிஷத்தில் கண் சிவந்து மூக்கு ஒழுக ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரி, நேற்றுத்தான் வீட்டைத் துடைத்தோம், பூனையையும் குளிப்பாட்டினோம் என்று மனம் நோகிறாள். அசுத்தம் காரணமேயல்ல. பூனையின் எச்சிலிலும் தோலின் சுரப்பிகளிலும் ஒரு வகைப் புரதம் உண்டாகிறது. பூனை தன்னைத் தானே நக்கிக்கொள்ள, அது காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதக்கிறது. துணியிலும் திரையிலும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டாரின் உடையில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குங்கூட வந்துவிடுகிறது. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் அது அடியோடு ஒழிய மாதக்கணக்காகும். ஆகவே விருந்தாளி வந்தபின் பூனையை அறையில் அடைப்பதால் பிரயோஜனம் இல்லை. நாற்காலியைக் காற்றோட்டமான வெளித் தாழ்வாரத்தில் போட்டுவிடலாம். ஆஸ்த்மா உள்ளவர் தமக்கு இப்படி ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தும்மிக்கொண்டே "ஜலதோஷம்" என்று பொய் சொல்வது யாருக்கு உபகாரம்?

வாடை விஷயமும் இதைப் போன்றதுதான். நாள்தோறும் ஒரே வாடையில் இருப்பவரின் மூக்கு அதை அறிவதை நிறுத்திவிடுகிறது. வீட்டுக்காரர் வேண்டுமென்று மறைக்கிறார் என்று விருந்தாளி எண்ணுவதும், இல்லாத வாடையைச் சொல்லி அவமதிக்கிறார் என்று வீட்டுக்காரர் எண்ணுவதும் பிசகு. இருவர் மூக்கும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்கின்றன.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணும் ஒரு வகையில் விருந்தாளிதானே? வீட்டில் பூனை இருப்பதைப் பார்த்துப் புக்ககத்தார், அதைத் துரத்தினால்தான் பெண்ணை விடுவோம் என்கிறார்கள். பயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிப்படும். கர்ப்பிணிக்கு அது முதல் தடவையாகத் தொற்றினால் சிசுவுக்குக் கெடுதி. ஆனால் அந்த மலம் தொற்றும் தன்மை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை ஆகும். தினந்தோறும் வேறொருவர் அதை அப்புறப்படுத்திவிட்டால் அபாயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். பூனையைத் தடவுவதால் வருவதைக் காட்டிலும், அரைவேக்காட்டு மாமிசத்தாலும், கழுவாத காய்கறியாலும், தோட்டத்து மண்ணாலும் வருவதற்கு வழி அதிகம். பூனையைத் துரத்திவிட்டுக் கீரையை அலசாமல் சமைக்கிற வீட்டில் என்ன லாபம்?

உண்ணி, குடற்புழு இவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாயுண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டி மட்டும் பிரயோஜனமில்லை, இடுக்கையும் கவனிக்க வேண்டும். குட்டி நாய்க்குத் தாய் வயிற்றிலிருந்தே புழு வரும். அதன் மலம் கலந்த முற்றத்து மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது வருகிற குழந்தைதான். கால்நடை டாக்டர் கொடுக்கும் பூச்சி மருந்தைக் காலத்தில் கொடுத்து, மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்தினால் போதும். சோபாவில் ஒட்டிய ரோமத்தால் யாரும் சாவதில்லை.

எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலையில் பிராணிகளோடு வாழ்ந்தவர். ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலில் சோறு, மனிதர்களுக்குப் பிறகுதான். 1948-இல் இறந்த லக்ஷ்மி என்ற பசுவுக்கும், மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் அங்கே சமாதிகள் இருக்கின்றன. விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை அவரே சொல்லியிருக்கிறார். சின்னக் கருப்பன் என்ற கறுப்பு நாயைத் தொண்டர் பழனிசாமி கோபத்தில் அதட்ட, மழை இரவென்றும் பாராமல் அது வெளியேறி வேறொரு கொட்டகையில் கரி மூட்டையின் மேல் படுத்துக்கொண்டதாம். காலையில்தான் கூட்டி வந்தார்களாம். வேறொரு சின்ன நாய் வசவு வாங்கியதும் நேரே சங்கு தீர்த்தத்துக்கு ஓடிற்று. பிறகு அதன் உடல் தண்ணீரில் மிதந்தது. பிராணிகளுக்கும் மானம் உண்டு, கடுமையாக நடத்தக் கூடாதென்று அப்போதே எல்லாருக்கும் சொல்லப்பட்டது. வந்த இடத்தில் நாயை 'சீ' என்று காலால் தள்ளும் விருந்தாளிகளுக்கு இது ஞாபகம் இருக்கட்டும். நாய்க்கு அது சொந்த வீடு. அவருக்குத்தான் ஒரு வேளைச் சாப்பாட்டு வீடு.

விருந்தாளி நாயைப் பிரியமாகப் பார்க்க வேண்டுமென்று வீட்டுக்காரர் எதிர்பார்க்க உரிமை இல்லை என்பது என் அபிப்பிராயம். ரோமம் பற்றியும் பாய் பற்றியும் புகார் சொல்ல விருந்தாளிக்கும் உரிமை இல்லை. "ஊசி போட்டிருக்கிறீர்களா?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பூரண உரிமை உண்டு. குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சங்கோசமில்லாமல் கேட்கலாம். அவர் கேட்கும்வரை காத்திருப்பானேன்? "ஒன்றும் செய்யாது" என்பதற்குப் பதிலாக, "தை மாதம் ஊசி போட்டாயிற்று, கட்டிப் போட்டுவிடவா?" என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும்? பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் தேதியை ஒட்டி, அரசாங்கக் கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே நாய்களுக்கு ஊசி போடும் முகாம்கள் நடக்கின்றன.

இந்தச் சங்கோசம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை நான் அறிந்தது ஒரு மாணவனால். ஆடித் தபசு விடுமுறை கழிந்து வகுப்புக்கு வந்தவன் கெண்டைக்காலை மறைத்து மறைத்து உட்கார்ந்தான். பார்த்தால் இரண்டு கீறல், மூன்று நாளாகியிருந்தது. சங்கரன்கோவிலில் மாமா வீட்டுக்குப் போயிருந்தானாம். அங்கே வாங்கி வந்திருந்த குட்டி விளையாட்டாகப் பிறாண்டிவிட்டதாம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வயிற்றில் ஊசி போடுவார்கள் என்று பயந்திருப்பான் என்று எண்ணினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா வருத்தப்படுவாக, ஸார். 'ஒண்ணும் செய்யாது'ன்னு சொன்னாக" என்றான்.

அன்று மத்தியானமே அவன் தாயாரைக் கூப்பிட்டனுப்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தேன். நாலாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று, மாமா வீட்டுக் குட்டிக்கும் ஊசி போட்டாகிவிட்டது என்று அவனே வந்து சொன்னான்.